ஒரு வியாழக்கிழமையைக் கேட்டவன்

2005ஆம் வருடம் கார்த்திகை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் நண்பனும் வெம்பக்கோட்டை அணைக்கு மீன் பிடிக்கப் போனோம். ஆங்கிலத் தேதியை எழுதாமல் விடுகிறேன். டைரியில் இருக்கிறது. ஆனால் அந்தத் தேதியை வைத்து ஆள் யார் என்று சொல்லிவிடக் கூடியவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

நான் அப்போது சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கும் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவனாக இருந்தேன். ஆடியில் தொடங்கி மார்கழி வரை அடுத்த வருடத்தின் ஒவ்வொரு நாளும் என் கண் வழியாகத்தான் வெளியே போகும். கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், எமகண்டம். ஒரு நாளின் நட்சத்திரம் மாறி அச்சானால் எங்கோ ஒரு வீட்டில் அந்த நாளை நம்பிப் பந்தல்கால் நட்டுவிடுவார்கள். அந்தப் பயம் எனக்கு இருபது வருடமாக உண்டு. அதனாலோ என்னவோ, கல்யாணத்துக்கு முன்பிருந்தே டைரி எழுதி வந்தேன். மழை பெய்த நாள், கரண்ட் போன நேரம், படித்து முடித்த புத்தகம், யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாம் அதில் இருக்கும். தெருவில் ஒரு குழந்தை பிறந்த நேரத்தில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். போர்வெல் போட்ட வருடத்தில் தகராறு வந்தாலும் அப்படித்தான். என் டைரி சொன்னால் இரண்டு கட்சியும் ஒத்துக்கொள்ளும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்ததையும் மறைக்கவில்லை.

நண்பன் பட்டாசு ஆலையில் போர்மேன். கூலிக்கு அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றத் தொடங்கி, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி மேலே வந்தவன். இரண்டு பேருக்கும் அப்போது நாற்பத்து மூன்று வயது. என் மனைவிக்குப் பிரசவத்தில் சிக்கலாகி, இங்கே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டபோது, லோடு இறக்கிக்கொண்டிருந்த வேனை நிறுத்தி, அட்டைப்பெட்டிகளைத் தெருவிலேயே போட்டுவிட்டு மதுரைக்கு ஓட்டிக்கொண்டு போனவன் அவன். என் மகள் இருப்பது அவனால். இதையும் அந்த நாளின் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

மீன் பிடிக்கும் யோசனை ஒரு படத்திலிருந்து வந்தது. அந்த வருடம் ஒரு ஜவுளிக்கடை ஆர்டருக்காக எங்கள் அச்சகத்தில் வெளிநாட்டுக் காட்சி ஒன்றை அடித்தோம். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் இடுப்பளவு ஆற்றில் நின்று தூண்டிலை வீசுகிறார். நூல் அவர் தலைக்கு மேலே வளைந்து வளைந்து காற்றில் நிற்கிறது. வேஸ்ட் ஷீட் ஒன்றை நண்பனுக்குக் கொடுத்தேன். புழு வேண்டாம், இறகால் பூச்சி மாதிரி ஒன்றைக் கட்டி அதைத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டே பிடிக்கிறார்கள் என்று நான் எங்கேயோ படித்ததையும் சொன்னேன்.

அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. மயிலிறகின் இழைகளைப் பிரித்து, கோழி இறகு இரண்டு சேர்த்து, ஜரிகை நூலால் முள்ளின் கழுத்தில் சுற்றினான். சணல் சுற்றிப் பழகிய விரல்கள். முடிச்சு எங்கே விழுகிறது என்றே தெரியாது. ஐந்தாறு பூச்சிகளைத் தீப்பெட்டி ஒன்றில் போட்டு வைத்திருந்தான். மூங்கில் கழியும், மெழுகு தடவிய நூலும் அவனே தயார் செய்ததுதான்.

"தீவாளி சீசன் முடிஞ்சிருச்சு மாப்ள. ஒரு நாளு ஒடம்பையும் மனசையும் கீழ போட்டுட்டு வருவோம்" என்றான். எனக்கு வேலை உச்சத்தில் இருந்த நேரம். ஆனாலும் போனேன். ஒன்றரை மாதமாக அவன் முகம் சரியாக இல்லை. புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை அவன் ஆலையில் கலவை அறை வெடித்து, வெடிமருந்து கலக்கும் தொழிலாளி ஒருவர் இரண்டு கைகளும் மார்பும் முகமும் வெந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். "நான் டீ குடிக்கப் போயிருந்தேன்லே. தப்பிச்சேன்" என்று அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தான். நான் நம்பினேன்.

ஏழு மணிக்கு அணைக்குப் போய்ச் சேர்ந்தோம். மீன் குத்தகைக்காரரின் காவலாளி கரையில் வேப்பங்குச்சியோடு நின்றிருந்தார். நண்பன் பைக்கை நிறுத்திவிட்டு அவரிடம் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தான். தூண்டிலுக்கு அனுமதி கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கரையிலிருந்து முந்நூறு அடி தள்ளி நீருக்குள் ஒரு பாறை மேடு உண்டு. அணை கட்டுவதற்கு முன் புன்செய்க் காடுகளுக்குப் போன வண்டிப்பாதையின் மேடு அதுவரை போகும். அதன்மேல் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்தே போய்விட்டோம். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கூட்டிப் போனான்.

முதல் இரண்டு மணி நேரம் நன்றாக இருந்தது. அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாறை எட்டுப் பேர் படுக்கலாம் என்கிற அளவு. வெயில் ஏறாத மேகமூட்டம். நண்பன் படத்தில் இருந்தவரைப் போல நூலை வீசப் பார்த்தான். முதல் வீச்சில் முள் அவன் சட்டைக் காலரில் மாட்டியது. இரண்டாவது என் துண்டில்.

"வெள்ளைக்காரன் பக்கத்துல ஆளு நிக்க மாட்டான் போலருக்கே. படத்துல யாரையும் காணோம்" என்றேன்.

"நின்ன ஆளு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான்லே" என்றான்.

சொல்லிவிட்டு அவனே அவசரமாகக் குனிந்து துண்டிலிருந்து முள்ளைப் பிரித்தான். எட்டு மணி நாற்பதுக்குக் கெண்டை ஒன்று பூச்சியைக் கவ்வியது. ஒரு சாண் நீளம். இரண்டு பேரும் சிறுபிள்ளைகளைப் போலக் கத்தினோம். அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். துண்டை விரித்துப் படுத்தேன். எந்த வருடத்திலும் அந்த மாதத்தில் நான் பகலில் படுத்தது அதுதான் முதல் முறை.

கண்ணைத் திறந்தபோது பத்தரை. பாறையின் ஓரத்தில் விட்டிருந்த என் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. எழுந்து பார்த்தேன். வண்டிப்பாதை மேட்டின் மேல் நின்ற கருவேலஞ்செடிகளில் நுனிதான் வெளியே தெரிந்தது. வரும்போது அவை என் தோளுக்கு இருந்தன. தண்ணீர் நிறம் மாறிச் செம்மண் கலங்கலாக இருந்தது.

"தண்ணி ஏறுதுலே" என்றேன்.

"ம். மலையில மழை போல."

"கெளம்புவோம்."

"எங்கிட்டுக் கெளம்ப? ஒனக்கு நெஞ்சுக்கு வரும் இப்ப. காலு வழுக்குனா நான் என்ன செய்ய? காவக்காரர் வருவாரு. உக்காரு."

அவன் பதறவே இல்லை. அது எனக்குத் தைரியமாக இருந்தது, அந்த நேரத்தில். அவனிடம் செல்போன் இருந்தது. பாலித்தீன் பையிலிருந்து எடுத்துப் பார்த்து, "டவர் இல்ல" என்று திரும்ப உள்ளே வைத்தான்.

உட்கார்ந்தேன். பாறையின் கீழ்ப்படி போன்ற பகுதி மூழ்கிவிட்டது. மேலே நாலு பேர் உட்காரும் இடம் மிச்சம். அப்போதுதான் அவன் நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"ஒன் டைரியில அந்த வியாழக்கெழமைக்கு என்ன எழுதியிருக்கே?"

"எந்த வியாழக்கெழமை?"

"ஒனக்குத் தெரியாதாக்கும்."

தெரியும். காலை எட்டரைக்கு அச்சகம். ஜூன் மாதத்துத் தாள்கள். பத்து இருபதுக்குத் தெற்கே சத்தம், ஜன்னல் அதிர்ந்தது. மாலையில் நண்பன் வீட்டுக்குப் போனது, அவன் டீக்கடைக் கதை சொன்னது. இவ்வளவும் அந்தப் பக்கத்தில் இருந்தன. சொன்னேன்.

"டீ குடிக்கப் போகல மாப்ள" என்றான். "நான் அந்த ஆலையிலயே இல்ல அன்னைக்கு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அவன் இரண்டு ஆலைகளில் போர்மேன். ஒன்றில் அவன் பெயரும் சான்றிதழும் வெளிப்படையாக. இன்னொன்றில் அவன் வேலை மட்டும், வேறொருவர் பெயரில். ஓர் ஆளால் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதால், முதல் ஆலையின் வருகைப் பதிவேட்டில் திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுவிடுவானாம். எங்கள் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. சீசனில் போர்மேன் கிடைப்பதில்லை. மூன்று இடத்தில் கையெழுத்து வைத்திருந்த ஆட்களும் உண்டு. காலையில் கலக்கிய மருந்தில் சாயங்காலம் மிச்சம் இருந்தால் அதைத் தண்ணீரில் கொட்டி அழிக்கச் சொல்ல வேண்டியது போர்மேனின் பொறுப்பு. புதன்கிழமை மத்தியானமே அவன் இரண்டாவது ஆலைக்குப் போய்விட்டான். மிச்சம் கலவை அறையிலேயே இரவெல்லாம் சூடேறிக் கிடந்தது. வியாழன் காலை தொழிலாளி அதன்மேலேயே புது மருந்தைப் போட்டுக் கலக்கியிருக்கிறார்.

"இருந்தேன்னு சொன்னா நான் உள்ள போவேன். இன்னொரு ஆலையில இருந்தேன்னு சொன்னா ரெண்டு ஆலையும் பூட்டிருவாக, அப்பவும் நான் உள்ள போவேன். லீவுல இருந்தேன்னா ஒண்ணும் இல்ல. லீவு லெட்டர் வாங்கிக்கிடுறோம், பதிவேட்டையும் மாத்திக்கிடுறோம்னு ஆலையில சொல்லிட்டாக. எங்க போனேன்னு சொல்ல ஒரு வெளியாளு வேணும்."

"நான் என்ன சொல்லணும்?"

"நீயும் நானும் இங்கன மீன் பிடிக்க வந்தோம். அவ்வளவுதான். இன்னைக்கு நடந்ததத்தான் எழுதப் போறே. இந்தப் பாறை, அந்தக் கெண்டை, எல்லாம் நெசந்தான. நாளு மட்டும் அந்த நாளு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, எதற்காகக் கூட்டி வந்திருக்கிறான் என்று. எழுதுவதற்குச் சரக்கு தருவதற்காக. இல்லாத இடத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

"போர்மேன் லீவுன்னா அன்னைக்கு மருந்தே கலக்கக் கூடாதுல்ல?" என்றேன்.

"கூடாதுதான்."

"அப்பக் கலக்குனது?"

அவன் நூலை இன்னொரு சுற்றுச் சுற்றினான். தண்ணீரைப் பார்த்தான். பதில் எனக்கே தெரியும். உத்தரவில்லாமல் தானாகக் கலக்கினார் என்று அந்தத் தொழிலாளியின் தலையில் எழுதிவிடுவார்கள். அவருக்குப் பேச இன்னும் வாய் சரியாக வரவில்லை.

"எழுதிட்டேனேலே. மையில எழுதியாச்சு" என்றேன்.

"பக்கத்தக் கிழி."

"தச்ச டைரி. ஒரு தாளக் கிழிச்சா அதோட ஜோடித் தாளும் கழண்டு நிக்கும். பாக்கறவனுக்குத் தெரியும்."

"பிரஸ்ல வேல பாக்கறவனுக்குப் பைண்டிங்கப் பிரிச்சுத் தைக்கத் தெரியாதாக்கும். வருசம் முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளையும் கட்டுக்கட்டா அடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புறீக. கூட்டாளிக்கு ஒரு நாளு கெடையாதா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்திருக்க வேண்டும், பழக்கத்தால். பிறகு அவன் மதுரைக்கு வேன் ஓட்டியதைப் பற்றிப் பேசுவான் என்று காத்திருந்தேன். பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபத்தில் முடியாது என்று சொல்லியிருப்பேன். அவன் என் மகள் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று மட்டும் கேட்டான்.

பதினொன்றேமுக்காலுக்கு இரண்டு பேர் நெருங்கி உட்காரும் இடம்தான் பாறையில் மிச்சம் இருந்தது. கால் தண்ணீருக்குள். கெண்டையைப் போட்டிருந்த பை மிதந்து போய்விட்டது. கரையில் மாடு மேய்ப்பவர்கூட இல்லை. எழுந்து நடக்க இடமில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லை. அவன் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் இன்னும் எவ்வளவு ஏறும் என்று கேட்டால், "யாரு கண்டா" என்றான். தொடர்ந்து, "நான் இருக்கேன்லே, ஒன்ன விட்டுட்டா போயிருவேன்" என்றான். அவனுக்கு நீச்சல் தெரியும். போயிருந்தால் கால் மணி நேரத்தில் உதவி கொண்டு வந்திருக்கலாம். போகவில்லை.

நான் நிறையப் படிப்பவன். கஷ்டமான இடத்தில் உண்மையைச் சொன்னவர்களைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் அங்கே எனக்கு நினைவுக்கு வரவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் அடுத்த வெடிப்பைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு, "சரி. எழுதுறேன்" என்றேன்.

"விசாரணையில கேட்டா?"

"சொல்றேன்."

அவன் என் முதுகில் தட்டினான். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.

இரண்டு மணிக்குக் காவலாளி வந்தார். தெர்மாகோல் அட்டைகளைச் சாக்கில் கட்டிய மிதவை ஒன்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு நிதானமாக வந்தார்.

"பயந்துட்டீகளா அண்ணாச்சி?" என்று என்னைக் கேட்டார். "ராத்திரி மலையில மழை, பத்து மணிக்கெல்லாம் தண்ணி ஏறிரும்னு காலையிலயே இவுககிட்டச் சொன்னேன். பரவால்ல, ரெண்டு மணிக்கு வந்து கூப்புடுங்கன்னு சொன்னாக. பாறை முழுசா முங்காது. எந்த வருசமும் முங்குனதில்ல."

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் தூண்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தான். "தண்ணி ஏறுனாத்தான் மீனு வரும்" என்றான், யாரையும் பார்க்காமல்.

 அன்று வீட்டுக்கு வந்தவுடனே, ஞாயிற்றுக்கிழமைக்கான பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். இடம் போதாமல் திங்கட்கிழமையின் பாதியையும் எடுத்துக்கொண்டேன். நான் சரி என்று சொன்ன நேரத்தையும் எழுதினேன். வியாழக்கிழமையைத் தொடவில்லை.

அதை அன்றே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதை ஒத்துக்கொள்ளத்தான். விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தினமும் சாயங்காலம் அச்சகத்து எண்ணுக்குக் கூப்பிடுவான். மேனேஜர் பக்கத்தில் இருப்பார். "எழுதியாச்சா?" என்பான். "உம்" என்பேன். பன்னிரண்டு நாளும் உம். அவன் என்னைப் பாறையில் மூன்றரை மணி நேரம் உட்கார வைத்தான். நான் அவனை அதைவிட நீண்ட நேரம் ஓர் இடத்தில் உட்கார வைத்தேன், அவனுக்குத் தெரியாமல். ஒவ்வொரு உம்முக்குப் பிறகும் வெளியே வரும் வழி இன்னும் கொஞ்சம் மூழ்கியது. விசாரணைக்கு முந்தின நாள் அவன் அதிகாரியிடம் சாட்சியாக என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, எனக்கு அரைக் கிலோ சீரணி மிட்டாய் வாங்கி அனுப்பினான். என் மகள் சாப்பிட்டாள். நான் தொடவில்லை.

விருதுநகரில் ஓர் அரசு அலுவலகத்தின் பின்கட்டில் விசாரணை. நான் பஸ்ஸில் போனேன், அவன் பைக்கில் வந்திருந்தான். என்னை முதலில் கூப்பிட்டார்கள். அவன் அதே அறையில் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என் கையில் டைரியைப் பார்த்துத் தலையசைத்தான்.

அதிகாரி இளவயதுக்காரர். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார். அந்த வியாழக்கிழமை நானும் அவனும் எங்கே இருந்தோம் என்று கேட்டார்.

"நான் அச்சகத்துல இருந்தேன் சார். ஜூன் மாசத் தாளு பாத்துக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டது பத்து இருபதுக்கு."

டைரியைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் படித்தார். நாற்காலி நகரும் சத்தம் எதுவும் பின்னால் கேட்கவில்லை.

"அப்ப இவர் எங்க இருந்தார்?"

அடுத்த நாற்பது, ஐம்பது பக்கங்களைப் புரட்டினால் அவருக்கே கிடைத்துவிடும். என் கை டைரியின் மேல் இருந்தது. "அவரையே கேளுங்க சார்" என்றேன்.  அவர் டைரியை என் பக்கம் தள்ளிவிட்டு, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுத் தேதி எழுதினேன். வெளியே வரும்போது நண்பன் முகத்தைப் பார்க்கவில்லை.

வராந்தா பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வைத்த மஞ்சள் பை. வெந்துபோன தொழிலாளியின் மனைவி என்று தெரிந்தது. கிளம்பியிருக்கலாம். பஸ் இருந்தது. ஆனால் அங்கேயே, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன்.

"நீங்க போர்மேனுக்குச் சாட்சிங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"பெறகு?"

"கூட்டாளி."

 கதவு சாத்தியிருந்தது. ஒரு மணி பத்து நிமிஷம். உள்ளே அவன் குரல் மட்டும் இடையிடையே கேட்டது, வார்த்தை புரியவில்லை.

வெளியே வந்தவன் என்னைத் தாண்டி அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றான். கை கட்டியிருந்தான்.

"அன்னைக்கு நான் அங்கன இல்லம்மா. வேற ஆலையில இருந்தேன். மிச்ச மருந்தக் கொட்டச் சொல்ல வேண்டியது நான். அவரு மேல ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டாக."

அந்த அம்மா அழவில்லை, திட்டவுமில்லை. "எழுதிட்டாகளா?" என்று மட்டும் கேட்டார். "எழுதிட்டாக" என்றான். உள்ளே திரும்பக் கூப்பிட்டார்கள். போகும் முன் என் பக்கம் திரும்பினான்.

"பன்னெண்டு நாளு உம் போட்டியேலே. மொத நாளே இல்லன்னு சொல்லிருந்தா, நானா வந்து சொல்லிருப்பேன். இப்ப நீ சொல்ல வச்சதால்ல ஆகிப்போச்சு."

அவன் போனான். பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். இரண்டு ஆலைகளும் மறுவாரம் பூட்டப்பட்டன. அங்கே வேலை பார்த்த பெண்கள் தை மாதம் வரை தெருவில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அவன் சொன்னது சரியா என்று அந்த வருடத்து டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் அடித்திருக்கிறேன். நான் மையில் எழுதி அடித்த பக்கம் அது ஒன்றுதான்.